வீட்டுக்கு வந்ததும் முதல் 15 நிமிடம்
வாசகர் கேள்வி – பதில்

கோட்டையில் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்தரைக்கு இறங்கி, 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே தெகிவளைக்கு வந்துசேர ஏழு மணி ஆகிவிடும். கதவைத் திறந்தவுடனே பிள்ளைகள் இருவரோடும் சத்தம். மாமி வீட்டில்தான் இருக்கிறா, அவவும் பாவம். இரவு படுத்த பிறகு, ஏன் இப்படிக் கத்தினேன் என்று அழுகை வரும். "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்" என்கிறார்கள். அந்த அரை மணித்தியாலம் எங்கே இருக்கிறது?
– தெகிவளை வாசகி

உங்கள் நாளில் அது இல்லை. தேடி மினக்கெட வேண்டாம். ஏற்கெனவே இருக்கிற 15 நிமிடத்தை மட்டும் பார்ப்போம்: நீங்கள் கதவைத் திறப்பதிலிருந்து குசினிக்குள் போகும் வரை.

அந்த நேரத்தில் வாசலில் சந்திப்பவர்கள் எல்லாருமே பசியோடு இருக்கிறார்கள். நீங்கள் மதியம் சாப்பிட்டது 12.30க்கு என்று வைத்தால், நடுவில் ஒரு தேத்தண்ணீரைத் தவிர ஆறரை மணித்தியாலம் வயிறு வெறுமை. பிள்ளைகளும் ரியூஷன் முடித்து வந்திருப்பார்கள். இந்த நிலையில் "வீட்டுப்பாடம் முடிஞ்சுதா?" என்பது கேள்வியாகக் காதில் விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும். ஆகவே முதல் வேலை குணத்தைத் திருத்துவதல்ல, சாப்பாட்டு நேரத்தைத் திருத்துவது.

ஞாயிறு இரவு 250 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். எட்டு மணித்தியாலம் ஊறினால் போதும். காலையில் உப்புப் போட்டு பிறஷர் குக்கரில் 15, 20 நிமிடம். அரைக் கிலோவுக்கு மேல் வரும். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலையோடு தாளித்து, தேங்காய்ச் சொட்டைக் கடைசியில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேங்காயோடு பிரட்டி வைத்தால் அடுத்த நாளே ஊசிப்போகும். பலர் இரண்டாம் வாரமே இதைக் கைவிடுவது அந்த ஒரு காரணத்தால்தான். ஒரு சின்ன டப்பா உங்கள் கைப்பையில், ஒன்று மேசையில் பிள்ளைகளுக்கு. உங்களுடையதைப் பஸ்ஸில் சாப்பிட நினைக்காதீர்கள். காலி வீதியில் மாலை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கவே இரண்டு கை போதாது. கந்தோரிலிருந்து இறங்குவதற்கு முன், 5.20க்கு, கதிரையில் இருந்தே சாப்பிட்டுவிடுங்கள். பிள்ளைகளுடைய டப்பாவை மாமி ஆறு மணிக்குத் திறந்து கொடுத்தால் போதும்.

அடுத்தது வாசல். வந்ததும் கைப்பையும் போனும் போக ஓர் இடம் வேண்டும். கைக்கு எட்டாத இடம், அலுமாரியின் மேல்தட்டு மாதிரி. ஏழு மணிக்குக் கந்தோர் வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால் உடம்பு தெகிவளையிலும் மனம் கோட்டையிலுமாக இருக்கும். பிறகு நேரே குளியலறை. முகம் கைகால் கழுவி உடுப்பு மாற்ற ஏழு நிமிடம். அதற்கு முன் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பதைச் சனிக்கிழமையே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். திங்கட்கிழமை திடீரென்று கதவைச் சாத்தினால், அம்மா கோபத்தில் இருக்கிறா என்றுதான் நினைப்பார்கள். வெளியே வந்ததும் நிலத்தில் அவர்கள் பக்கத்தில் ஐந்து நிமிடம் இருங்கள். பாடம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "இன்றைக்கு இடைவேளையில் யாரோடு இருந்தாய்?" என்பது போல, சரி பிழை பார்க்கமுடியாத ஒரு கேள்வி போதும். வீட்டுப்பாடம் ஏழே காலுக்கும் அங்கேதான் இருக்கும்.

இது குழம்பும் இடம் அடுப்பு. சோறு வைக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அந்த ஐந்து நிமிடமும் முள்ளின் மேல் இருப்பது போலத்தான். காலையிலேயே அரிசியை அளந்து மூடி வைத்துவிட்டால், மாமி ஆறரைக்குக் கழுவித் தண்ணீர் விட்டு றைஸ் குக்கரின் சுவிற்சைத் தட்டினால் சரி. காலையிலேயே தண்ணீரில் ஊறவிட்டுப் போகாதீர்கள். கொழும்பு வெக்கைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் புளித்துவிடும். ஞாயிறன்று இரண்டு தேங்காய் துருவி நான்கு பொதியாக உறைய வைத்தால் கிழமை நாட்களில் திருவலைக்கு வேலை இல்லை. சம்பலுக்கு அது ருசிக்காது. சொதிக்குப் பால் பிழியப் போதும்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று பரவலாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுப்புள்ளி 66 நாள். 18 நாளில் பழகியவரும் உண்டு, 254 நாள் என்று கணிக்கப்பட்டவரும் உண்டு. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைத் தரவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வியாழக்கிழமை கத்திவிட்டீர்கள் என்றால் வெள்ளிக்கிழமை திரும்ப டப்பாவை எடுத்து வையுங்கள், அவ்வளவுதான்.

கிழமையில் ஒரு நாளாவது இறங்கும் நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸை விட்டுக் கரையோர ரயிலில் வந்து பாருங்கள். சனம் குறைவு என்று சொல்லமாட்டோம். ஆனால் கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலப்பக்கம் முழுவதும் கடல்.

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், வயது 27. பத்தரைக்குப் படுக்கிறேன், போனை வைக்கும்போது ஒரு மணி. மறுநாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சல். செயலிகளை அழித்தும் பார்த்தேன், மூன்றாம் நாள் திரும்ப ஏற்றிவிட்டேன்.

செயலியை அழிப்பது பூட்டுப் போட்டுவிட்டுத் திறப்பைச் சட்டைப் பைக்குள் வைப்பது மாதிரி. போன் தலையணைக்குப் பக்கத்தில் ஏன் வந்தது என்று பாருங்கள்: பிளக் அங்கே இருக்கிறது, அலாரமும் அதில்தான் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுங்கள்.

ஒரு சாதாரண மேசை மணிக்கூடு வாங்குங்கள். பென்டோர்ச் பற்றரி ஒன்றில் ஓடும் வகை, புறக்கோட்டை நடைபாதையிலேயே கிடைக்கும். வாங்கும்போது காதில் வைத்துப் பாருங்கள். சிலது டிக் டிக்கென்று அறையையே நிறைக்கும்; அதோடு படுத்தால் இரண்டாம் நாள் மணிக்கூடு வெளியே, போன் உள்ளே. சார்ஜரைக் கட்டிலிலிருந்து எழும்பி நான்கு அடியாவது நடக்கவேண்டிய இடத்தில் செருகுங்கள். அறையில் ஒரே ஒரு பிளக், அதுவும் கட்டில் தலைமாட்டில் என்றால் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலையும் காலும் இடம் மாறினாலே கை நீட்டும் தூரம் ஆறடி கூடிவிடும்.

ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள், இரவில் அவசரமாக எடுத்தால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. "தொந்தரவு செய்யாதே" அமைப்பில் குறிப்பிட்ட சிலரின் அழைப்புக்கு மட்டும் மணி அடிக்கவிடலாம். அந்த நாலைந்து பேரைச் சேர்த்துவிட்டால் காரணம் போய்விடும்.

முதல் மூன்று, நான்கு இரவு தூக்கம் முன்னையைவிட மோசமாக இருக்கலாம். கைக்கு வேலை இல்லாமல் விழித்துக் கிடப்பீர்கள். பெரும்பாலானோர் தோற்பது அந்த இடத்தில்தான். பழைய வார இதழோ, ஏற்கெனவே வாசித்த நாவலோ பக்கத்தில் இருக்கட்டும். புதிய துப்பறியும் கதை வேண்டாம். திரையின் நீல ஒளியைப் பலர் பழிக்கிறார்கள். எங்கள் கணிப்பில் அதைவிடப் பெரிய குற்றவாளி, முடிவே இல்லாத திரைதான். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், போனில் எதுவும் முடியாது.

இன்னொன்று, இரவு ஏழு மணிக் கோப்பி. கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும். நான்கு மணிக்குப் பிறகு தேத்தண்ணீரைச் சாயம் குறைத்துப் போடுங்கள், அல்லது மல்லித் தண்ணீருக்கு மாறுங்கள்.

"நன்றிக் கொப்பி" எழுதினால் மனம் மகிழும் என்று கேள்விப்பட்டு, தினமும் மூன்று நல்ல விஷயங்களை எழுதினேன். இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. எனக்கு நன்றியுணர்வு இல்லையோ?
– கொட்டாஞ்சேனை வாசகர்

உங்களில் குறை இல்லை, அளவில்தான் குறை. தினமும் எழுதினால் அது வீட்டுப்பாடமாகிவிடும். அமெரிக்க உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் நடத்திய ஆய்வில், வாரத்துக்கு ஒரு முறை எழுதியவர்களின் மகிழ்ச்சிதான் கூடியது. வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களிடம் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. ஞாயிறு மாலை ஒரு தடவை போதும்.

இரண்டாவது, நீங்கள் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள். "அம்மா, ஆரோக்கியம், வேலை" என்று தலைப்புகளாக இருக்கும். தலைப்பு மனதை அசைக்காது. "புதன்கிழமை மழையில் ஜம்பட்டா வீதி முனையில் நின்றபோது, பலசரக்குக் கடைக்காரர் சாக்கை விலக்கி, 'உள்ளுக்கு வாங்கோ தம்பி' என்று இடம் விட்டார்." இப்படி எழுதினால் சாக்கின் மணமும் சேர்ந்து வரும். ஆள், இடம், கிழமை மூன்றும் அந்த வரியில் இருக்கவேண்டும். வாரத்துக்கு ஒன்று போதும். எதுவும் நினைவுக்கு வராத வாரத்தில் தாளை வெறுமையாக விடுங்கள். இட்டுக்கட்டி நிரப்பத் தொடங்கினால் பயிற்சி செத்துவிடும்.

யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடமே அதைச் சொல்லிவிடுவது எழுதுவதைவிட நல்லது. அந்தக் கடைக்காரருக்கு அடுத்த முறை "அன்றைக்கு நல்ல உதவி அண்ணை" என்று ஒரு வார்த்தை.

மாதம் 2000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன். எதை வாங்கினால் சந்தோஷம் நிலைக்கும்?
– மட்டக்குளி வாசகர்

பொருள் எதுவும் நிலைக்காது, பழகிவிடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டன்னும் சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் சிலருக்கு 5 டொலரும் சிலருக்கு 20 டொலரும் கொடுத்து மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தவர்கள் வேறொருவருக்காகச் செலவழித்தவர்கள்; கையில் இருந்தது ஐந்தா இருபதா என்பது பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே 2000ஐ நான்காகப் பிரியுங்கள். மூன்று வாரம் உங்களுக்கு, ஒரு வாரம் இன்னொருவருக்கு. கடன் இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிட்டு அதைக் கட்டுங்கள்.

கணவர் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, விடிய மூன்று மணிக்கு எழும்பிவிடுகிறார். கிரிக்கெட் என்றால் உயிர், இப்போது தொலைக்காட்சிப் பக்கமே போவதில்லை. என்ன சின்ன மாற்றம் செய்யலாம்?

அக்கா, இது சின்ன மாற்றத்துக்குரிய விஷயம் அல்ல. பிடித்ததில் பிடிப்பு விட்டுப்போவதும் தூக்கமும் பசியும் குலைவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரைப் பார்க்கவேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. முதலில் வழமையாகக் காட்டும் குடும்ப வைத்தியரிடமே போகலாம். தைரொயிட், இரத்தச்சோகை, சில மருந்துகளின் பக்கவிளைவு என்பனவும் இப்படிக் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனை எழுதித் தரக்கூடும். போகுமுன் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணித்தியாலம் தூக்கம், எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா. வைத்தியர் முன்னால் அவர் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுவார், தாள் சொல்லும்.

வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னாரானால், "சாகவேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை 24 மணித்தியாலமும் இருக்கிறது. நீங்களே எடுத்துக் கதைக்கலாம், அவர்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. மாலையில் இருவரும் பத்து நிமிடம் நடப்பது நல்லதுதான். ஆனால் அது சிகிச்சையோடு சேர்ந்து போகவேண்டும்.

வயது 68. அவர் காலமாகி மூன்று வருடம். மகள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறேன். பகல் எப்படியோ போய்விடும். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரைதான் தாங்கமுடியவில்லை. பிள்ளைகள் எடுப்பார்கள், "சாப்பிட்டாச்சா, மருந்து போட்டாச்சா" என்பதோடு கதை முடிந்துவிடும்.

அம்மா, முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். பிள்ளைகள் நினைத்த நேரத்தில் எடுப்பதால் நாள் முழுக்கக் காத்திருப்பாகிவிடுகிறது. நேரத்தைக் கட்டிவிடுங்கள். இங்கே காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8.30, அவர்களின் கோடை காலத்தில் 9.30. பேரப்பிள்ளைகள் படுக்கப்போகும் நேரம், மகளுக்கு வேலை முடிந்திருக்கும். இங்கே இரவு 9.30 என்றால் லண்டனில் மாலை நான்கு, கோடையில் ஐந்து. மகனோடு அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். மார்ச்சில் இரண்டு இடத்திலும், பிறகு லண்டனில் ஒக்டோபர் கடைசியிலும் ரொறன்ரோவில் நவம்பர் தொடக்கத்திலும் மணி மாறும். அந்த வாரம் அழைப்பு வரவில்லை என்று மனம் நோகவேண்டாம், மணிக்கூட்டின் பிழை.

கதை முடிந்துபோவதற்குக் காரணம் அன்புக் குறைவு இல்லை. சேர்ந்து செய்ய எதுவும் இல்லை, அதுதான். வீடியோவைப் போட்டுவிட்டு மகளோடு சேர்ந்து சமையுங்கள். அவ போனைக் குசினியில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த நாளைக்கு ஒரு கறி வைக்கட்டும். "வெந்தயம் எவ்வளவு?" என்று கேட்பா. "கை நுனியால ஒரு சிட்டிகை, கருக விடாதை" என்று நீங்கள் சொல்லுவீர்கள். இருபது நிமிடம் தானாக ஓடும்.

இனி அந்த ஐந்து மணி. அது வெறுமையாக இருப்பதற்குக் காரணம் அவர் வேலையால் வரும் நேரமாக இருந்திருக்கலாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு அந்த நேரத்தை நிரப்புவது கஷ்டம். ஐந்தேகாலுக்குக் கீழே இறங்குங்கள். கொழும்பில் சூரியன் மறைவது வருடம் முழுக்க ஏறத்தாழ 5.50க்கும் 6.35க்கும் இடையில்தான், எனவே மரைன் டிரைவில் அரை மணித்தியாலம் நடந்து திரும்ப வெளிச்சம் இருக்கும். சின்னச் சாமான்களை, ஒரு பிடி கறிவேப்பிலை, இரண்டு தேசிக்காய் என்று, அந்த நேரத்துக்கு மிச்சம் வையுங்கள். ஒரே கடையில், ஒரே ஆளிடம் வாங்குங்கள். மேலே சொன்ன டன்னும் இன்னொரு ஆய்வாளரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கோப்பிக் கடையில் விற்பவரோடு முகம் பார்த்துச் சிரித்து ஒரு வார்த்தை பேசியவர்கள், காசைக் கொடுத்துவிட்டுப் போனவர்களைவிட மனநிறைவோடு வெளியே வந்தார்கள். மகளையும் மகனையும் தேத்தண்ணீர்க் கடைக்காரர் ஈடுசெய்ய மாட்டார்தான். ஆனால் ஒரு நாள் காணாவிட்டால் "எங்கே அம்மாவைக் காணேல்ல" என்று கேட்க ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம். மழை நாளுக்கு 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, நூலகமும் உண்டு.

பெல்கனி இருந்தால் ஒரு சட்டி பொன்னாங்காணி வையுங்கள். விதை வேண்டாம், சந்தையில் வாங்கிய கட்டே போதும். இலையைச் சுண்டலுக்கு எடுத்துவிட்டு, தடித்த தண்டுகளில் நான்கு கணு வருமாறு ஒரு சாண் அளவில் நறுக்குங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. ஓட்டை போட்ட பழைய பேசின் போதும். மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம பங்கு. முதல் ஒரு கிழமை நிழலில், பிறகு நாலு மணித்தியாலமாவது வெயில் படும் இடத்தில். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் முதல் வெட்டு. அடியில் மூன்று விரல் விட்டு வெட்டினால் திரும்பத் தழைக்கும்.

பழுதாவது இரண்டு விதத்தில். கடற்பக்கம் பார்த்த பெல்கனி என்றால் உப்புக் காற்றில் இலை ஓரம் கருகும். அரைச் சுவர் மறைப்பில் வையுங்கள். மற்றது பாசம் கூடித் தண்ணீர் கூடுவது. சுண்டுவிரலை முதல் மூட்டு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இலை மஞ்சளாகிறது என்று இன்னும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

சட்டிக்குக் கீழே தட்டு வைத்தால் அதை மணலால் நிரப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு தோறும் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டின் ஓரத்தைத் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவவேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெறுமனே கவிழ்த்து வைத்தால் போகாது.